அண்ணாந்து பார்க்கிற எம்.எல்.ஏ.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ராமலிங்கம் முதலில் அண்ணாந்து பார்ப்பார். கும்பிடு எல்லாம் அப்புறம்தான். கல்யாண வீடோ, சாவு வீடோ, கூரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அவர் கண் மனிதர்களிடம் இறங்கும். போன மாதம் ஓர் ஆய்வுக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர் குடிநீர்க் குழாயைப் பற்றி உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மேலே ஃபால்ஸ் சீலிங்கில் இருந்த ஈரக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "மேல வாட்டம் பாத்து ஷீட்டு போட்டது யாருபா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்னால் அவர் பந்தல்காரர். காஞ்சிபுரத்தில் பந்தல்காரருக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. வரதர் கருட சேவைக்கு வருகிற கூட்டத்துக்கு மோர்ப் பந்தல், ஏகாம்பரநாதர் பங்குனி உற்சவத்துக்கு அன்னதானப் பந்தல், நடுநடுவே முகூர்த்தங்கள், கட்சிக் கூட்டங்கள். கட்சிக் கூட்டத்துக்குப் பந்தல் போடப் போனவர் மெல்ல மேடை ஓரத்தில் நின்றார். பிறகு மேடையில் நின்றார். பிறகு தேர்தலிலும் நின்றுவிட்டார். நின்றதோடு விடாமல் ஜெயித்தும் தொலைத்தார்.

தொழில் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. எங்கே கயிறு தெரிந்தாலும் முடிச்சை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். சுத்தியல் பட்டுப் பிளந்த கட்டைவிரல் நகம் அப்படியே இருக்கிறது. சட்டைப் பையில் பேனா இருக்காது, சணல் இருக்கும். யார் மனு கொடுத்தாலும் சுருட்டி, சணலால் இறுக்கி ஒரு கட்டுக் கட்டித்தான் உதவியாளர் ஷாரோனிடம் கொடுப்பார். "சார் போடற முடிச்ச அவுக்கறதுக்கே எனக்கு ஒரு அசிஸ்டென்ட் வேணும்" என்பது அந்தப் பெண்ணின் நிரந்தரப் புலம்பல்.

பதவிக்கு வந்த நாளிலிருந்து தொகுதி நிதியில் அவர் செய்தது ஒன்றே ஒன்று, கூரை. பஸ் நிற்கிற இடமெல்லாம் நிழற்குடை. ரேஷன் கடை வரிசைக்குக் கூரை. சுடுகாட்டில் கூரை. தாமல் கிராமத்துக்காரர்கள் ஏரி மதகைச் சரிசெய்யச் சொல்லி வந்தார்கள். மதகைப் பார்க்க வருகிறவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது என்று கரைமேல் ஒரு நிழற்குடை போட்டுக் கொடுத்து அனுப்பினார். மதகு இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. "வெய்யில்ல வேல செஞ்சவனுக்குத்தாம்மா நெழலோட அரும தெரியும். அத விட இன்னா புண்ணியம் இருக்குது?" என்று கேட்பார். கேட்கும்போது அவர் கண் கலங்கும், அது நடிப்பு இல்லை. அந்த ரேஷன் கடைக் கூரைக்குக் கீழே நானும் நின்றிருக்கிறேன், மனசார வாழ்த்தியிருக்கிறேன்.

கூரை என்றால் ஷீட் வேண்டும். ஷீட் என்றால் ஊரில் வீரபத்திரன் கடை. ஒரு புயலில் ராமலிங்கத்தின் சாமான் மொத்தமும் பறந்துபோய் அவர் நடுத்தெருவில் நின்றபோது, ஒரு வார்த்தை கேட்காமல் லாரி நிறைய ஷீட் ஏற்றி அனுப்பியவர் வீரபத்திரன். தேர்தல் வந்தபோது பிரசார வேன், சுவர் விளம்பரம், பூத்தில் உட்காருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அவர் செலவு. ஒப்பந்தக்காரர்கள் இப்போது எல்லா நிழற்குடைக்கும் அவர் கடையில்தான் ஷீட் எடுக்கிறார்கள். "அண்ணன் ஒருநாளு கூட எனக்கு இத செய்யினு கேட்டதில்ல" என்று ராமலிங்கம் அடித்துச் சொல்வார். உண்மையாகவே இருக்கும். கேட்க வேண்டிய அவசியம் வந்தால்தானே கேட்பதற்கு?

அந்த அவசியம் ஐயம்பேட்டையில் ராமலிங்கத்துக்கு வந்தது. வீரபத்திரன் அங்கே புதிதாகக் குடோன் கட்டினார். லாரி திரும்ப இடம் போதவில்லை என்று குடோன் முன்னால் ஓடிய மழைநீர்க் கால்வாயை மண்ணடித்து மூடிவிட்டார். கால்வாய்க்கு மேற்கே இருக்கிற தெருவில் எல்லாம் குழித்தறி. நெய்கிறவர் காலைத் தரைக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மழை பெய்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி ஏறுகிறது.

அந்தத் தெருவில் நெய்கிறவள் ஜீவிதா. ஐப்பசி பிறந்ததும் எம்.எல்.ஏ. ஆபீசுக்கு வந்தாள். அவள் தறியில் கல்யாணப் புடவைக்கான பாவு, நீளவாக்கில் ஓடுகிற பட்டு நூல், ஏறியிருந்தது. பாவு முதலாளி கொடுத்தது. தண்ணீர் பட்டு வீணானால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும், அடுத்த பாவும் கிடைக்காது. ராமலிங்கம் பொறுமையாகக் கேட்டார். "தறி மேல ஒரு எக்ஸ்ட்ரா ஷீட்டு போட சொல்றம்மா" என்றார்.

"மேலேர்ந்து வரலண்ணா. கீழேர்ந்து வருது."

"சரிம்மா, அண்ணனாண்ட பேசறேன்" என்றார். மனுவைச் சுருட்டிக் கட்டினார். அடுத்த வாரம் அவள் மறுபடி வந்தபோதும் அதே பதில், அதே சணல். அவர் பேசவில்லை என்பது, பாதி நாள் அந்த ஆபீசிலேயே கிடக்கிற எனக்குத் தெரியும். வீரபத்திரனிடம் எதையாவது கேட்பது என்றால் இந்த மனிதருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அப்போது வந்த கோபத்தில் நேரிலேயே ஒரு முறை "பயமா?" என்று கேட்டேன். "பயமில்லபா, கடன்" என்றார்.

ஐயம்பேட்டை நிழற்குடைத் திறப்பு விழாவன்று பொழுது விடிந்ததிலிருந்து மழை. ரிப்பனை வெட்டியாகிவிட்டது. வீரபத்திரன் பொன்னாடை போர்த்தினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீவிதா முன்னால் வந்தாள். கையில் மண்வெட்டி. அதைப் பார்த்து ஷாரோன் ஓடி வந்து குறுக்கே நின்றாள். ஜீவிதா சண்டைக்கு வந்தவள்போலத் தெரியவில்லை.

"அண்ணா, மழ காலத்துல பந்தல் போட போனா மொதல்ல இன்னா பண்ணுவீங்க?"

ராமலிங்கம் முகம் மலர்ந்துவிட்டது. தொழிலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டு ரொம்ப நாளாகிறது. "சுத்தி வாய்க்கா வெட்டுவம்மா! ஒரு சாண் ஆழம். அத வெட்டாம கம்பம் நட்டா, மேல எப்பேர்ப்பட்ட ஷீட்டு போட்டாலும் ஜனம் சேத்துலதான் உக்காரும். எந்தப் பந்தலுக்கும் மொத வேல..."

அவர் கண் அவள் கையிலிருந்த மண்வெட்டிக்கு இறங்கியது. பொன்னாடையைக் கழற்றி ஷாரோனிடம் கொடுத்தார். "வாம்மா, காட்டு" என்றார்.

ஜீவிதா வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கத்தான் செய்தார். கூரை கச்சிதமாக இருந்தது, ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பிறகு குனிந்தார். தறியின் பள்ளத்தில் பாதிக்குக் காப்பிக் கலரில் தண்ணீர் நின்றது. பாவைப் பழைய துணியால் தூக்கிக் கட்டியிருந்தாள். முடிச்சைப் பழக்கத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். முழங்காலுக்கு நனைந்தது. நெய்கிறவர்போல உட்கார்ந்து மிதியில் கால் வைத்துப் பார்த்தார். "இதுலயா மிதிக்கிற?" என்றார். அவள் தலையாட்டினாள்.

தெருவுக்கு வந்து தண்ணீரின் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார். கால் கட்டைவிரலால் அங்கங்கே சேற்றைக் கீறி, "எங்க போவணும்னு தேடிக்கினு இருக்குது பாரு" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். தெருவே அவர் பின்னால் நடந்தது. தண்ணீர் போய் முட்டிக்கொண்டு நின்ற இடம் குடோன் வாசல். அடித்த மண் மேடாகக் கெட்டித்துக் கிடந்தது.

அவருக்கு முன்பே காரில் வந்துவிட்ட வீரபத்திரன் பெரிய கறுப்புக் குடையோடு இறங்கி வந்து அவர் தலைக்கு மேலே பிடித்தார். "இன்னா தம்பி இது, இப்பிடி நனையற? ஜொரம் வந்துடப் போவுது. மண்ணு எங்க போவுது, அப்பறமா பேசிக்கலாம். உள்ள வா, டீ சாப்புடு." குரலில் அதட்டல் இல்லை, நிஜமான அக்கறை இருந்தது. அதுதான் கஷ்டம்.

ராமலிங்கம் ஓரடி தள்ளி நின்றார். குடையும் ஓரடி வந்தது. இன்னும் ஓரடி நகர்ந்தார். குடை விடவில்லை.

வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்தக் குடையை மெதுவாக வாங்கி, மடக்கி, பட்டனைப் போட்டு, "நீங்க நனையாதீங்கண்ணா, உள்ள போங்க" என்று வீரபத்திரன் கையிலேயே கொடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பந்தல் போடுகிற காலத்தில் கட்டுவதுபோலத் தலையில் இறுக்கிக் கட்டினார். மண்மேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ஜீவிதா நின்ற பக்கமாகக் கையைப் பின்னால் நீட்டினார், மண்வெட்டிக்காக.