தொப்பியோடு மேலே போனவள்

பிரிமித்தீவா அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய். ஒரே அடுப்படியில் அவளோடு ஒன்பது வருடம் உருளைக்கிழங்கு உரித்தவள் நான். வாசற்கல்லில் தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கை நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் நடுங்கும், அது வேறு விஷயம்.

எங்கள் குடில் பனியாறு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மலைக்கு ஹாங்க்கோ தாய்க்கா என்று பெயர். எங்கள் அய்மாரா மொழியில் வெள்ளைத்தாய். உச்சிக்கு ஏறப் போகும் டூரிஸ்டுகள் குடிலில் சூப் குடித்துப் படுத்து, மறுநாள் வழிகாட்டிகளோடு கிளம்புவார்கள். சமைப்பது, பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சுவது, கீழேயிருந்து மூட்டை சுமப்பது எல்லாம் நாங்கள். பனியில் கால் வைப்பது மட்டும் கூடாது. அது வழிகாட்டிகள் சங்கத்தின் சட்டம். ஒரு வீட்டில் இரண்டு பொம்பளை இருந்தால் சண்டை வருமாம். பாவாடையைக் கண்டால் தாய் கோபித்துக்கொண்டு பனியைச் சரித்துவிடுவாளாம்.

"அப்ப வெள்ளைக்காரிங்க மாசம் பத்துப் பேர் ஏறுறாங்களே, அவங்கள மட்டும் தாய்க்குப் பிடிக்குமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க பொம்பளைங்க இல்ல. டூரிஸ்ட்," என்றான் இலாரியோன். பிரிமித்தீவாவின் கொழுந்தன் அவன்; சங்கத்துக்குத் தலைவன். சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் சூப் கேட்டான். ஊற்றினேன். வேறென்ன செய்வது?

ஒன்பது வருடத்துக்கு முன் என் அண்ணன் நிக்கானோர் மூட்டை தூக்கிக்கொண்டு மேலே போனவன் ஒரு பனிப்பிளவில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. அம்மா இல்லாத வீடு. அண்ணனுக்கு நான்தான் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் போனபின் குடிலுக்கு வந்து ஊராருக்குச் சமைத்தேன். இரண்டு வருடம் கழித்து, அதே இடத்தில், பிரிமித்தீவாவின் கணவர் செஃபெரீனோவையும் மலை வாங்கிக்கொண்டது. கைதேர்ந்த வழிகாட்டி. அவர் உடலும் கிடைக்கவில்லை.

இப்படிப் போனவர்களை நாங்கள் அப்படியே விடுவதில்லை. அவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு விழுந்த இடத்துக்குப் போய், மூன்று முறை பெயர் சொல்லி, வீட்டுக்குப் போகலாம் வா என்று கூப்பிட வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல், யாரிடமும் பேசாமல் இறங்கி வர வேண்டும். உயிர் பின்னாலேயே வந்துவிடும். செஃபெரீனோவுக்காக இலாரியோன்தான் தொப்பியோடு போனான். பெண்கள் போக முடியாதே. அண்ணனுக்காக யாரும் போகவில்லை. கூலிக்காரன்தானே.

இலாரியோன் இறங்கி வந்த மறுநாள் நடுப்பகலில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பனிக்கோடரியை வாசற்கல்லில் மூன்று தட்டு. செஃபெரீனோ பனியை உதறிவிட்டு உள்ளே வருகிற தட்டு. கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. கல் மட்டும் ஈரமாக இருந்தது. அன்றிலிருந்து ஏழு வருடம், வெயில் அடிக்கும் நாள்களில்கூட, அதே நேரம், அதே மூன்று தட்டு.

பிரிமித்தீவா கோக்கா இலை போட்டுக் குறி பார்க்கிறவளிடம் போனாள். இலைகளைத் துணியில் உதறிய அவள் நிமிர்ந்து, "யார் போய்க் கூப்பிட்டது?" என்று கேட்டாளாம்.

"கொழுந்தன்."

"அவன் என்னைக்காவது அண்ணனுக்கு ஒரு கிழங்கு வேக வச்சுக் கொடுத்திருக்கானா?"

"அவனா? தண்ணியே மோந்து குடிக்க மாட்டான்."

"சமைச்சுப் போட்ட கைதான் கூப்பிடணும். வேற கை கூப்பிட்டா வாசல் வரைக்கும் வருவாங்க, உள்ள வரத் தெரியாம நின்னுடுவாங்க. இது கூடத் தெரியாதா உங்க சங்கத்துக்கு?"

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சமைத்துப் போட்ட கை எங்கள் பக்கத்தில் பெண்ணின் கை. அதைப் பனிக்கு அனுப்ப முடியாது என்பதால் வழிகாட்டிகள் அந்தப் பகுதியை மட்டும் வசதியாக மறந்திருந்தார்கள்.

பிரிமித்தீவா சங்கக் கூட்டத்துக்குப் போய், தானே மேலே போக அனுமதி கேட்டாள். நான் பின்னால் நின்றேன்.

"அண்ணி, நான்தான் போய்க் கூப்பிட்டேனே," என்றான் இலாரியோன்.

"கூப்பிட்டே. ஏழு வருஷமா மனுஷன் வெளியில நிக்கறாரு."

"பாவாடையோட மேல போனா காத்துல பறந்துடுவ அக்கா," என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றும் உறுத்துகிறது.

அடுத்த மாதம் பல் பிடுங்கப் போகிறேன் என்று நகரத்துக்குப் போனாள். நான்காம் நாள் டூரிஸ்டுகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி சிவப்பு ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரை துணி. பேசவே இல்லை. டூர் ஏஜென்சியில் இலாரியோன்தான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டாளாம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுங்களா, மேடம்?" என்று அவனே கரண்டியை எடுத்து ஊற்றினான்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து குடித்து முடித்தாள். விரலால் கிண்ணத்தின் விளிம்பை ஒரு சுற்று வழித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். உலகத்தில் ஒருத்திதான் அப்படிக் கவிழ்த்து வைப்பாள். அத்தனை வருடம் அவள் கையால் தின்றவனுக்கு அது தெரியவில்லை. இலாரியோன் தன் அண்ணிக்குப் பரிமாறியது அதுதான் முதல் தடவை.

மேலே நடந்ததை அவனே பிறகு என்னிடம் சொன்னான். விடிகிற நேரம் பிளவின் அருகே அவள் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள், துணியை இறக்கினாள், ஜாக்கெட்டுக்குள்ளிருந்து செஃபெரீனோவின் தொப்பியை எடுத்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"கயிறு என் இடுப்புல இருந்துது, ரூஃபீனா. ஒரே இழுப்புல கீழ கொண்டு வந்திருக்கலாம்."

"ஏன் இழுக்கல?"

"அவங்க மூணாவது தடவை பேர் சொன்னதும் கயிறு கனத்துடுச்சு. இறங்குறப்ப அது ரெண்டு பேர் கனம் இல்ல. மூணு பேர் கனமும் இல்ல."

நடுப்பகலில் அவள் குடிலுக்குள் வந்தாள். அன்று தட்டும் சத்தம் கேட்கவில்லை. தொப்பியைப் பெஞ்சில் வைத்து, அதன் முன் ஒரு கிண்ணம் சூப் வைத்தாள். "வந்தாச்சு, சாப்பிடு," என்றாள். பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் நடுப்பகலில் வாசலில் யாரோ இரண்டு முறை செருமினார்கள்.

என் கையிலிருந்த கிழங்கு உருண்டு போனது. அண்ணன் நிக்கானோர் எந்த வீட்டுக்குள்ளும் இரண்டு முறை செருமாமல் நுழையமாட்டான். பிரிமித்தீவா கதவைப் பார்த்தபடியே பேசினாள்.

"நேத்து என் பின்னாடி அவரு மட்டும் வரல. கூப்பிடத் தெரிஞ்ச ஆள் வந்திருக்குன்னு எல்லாரும் எழுந்து வந்துட்டாங்க."

"வந்தவங்க உள்ள வரட்டுமே அக்கா."

"நான் உங்க அண்ணனுக்குச் சமைச்சதில்லையே."

அந்த வாரமே சங்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். சட்டத்தை மீறிவிட்டாள், அடுப்படியை விட்டுப் போகட்டும் என்றார்கள். அவள் கதவைக் காட்டி, "சட்டத்த அவங்ககிட்ட சொல்லுங்க," என்றாள். வெளியே செருமல் கேட்டது. பிறகு காலை உதறும் சத்தம், யாரோ மூட்டையை இறக்கும் சத்தம். இலாரியோன் எழுந்து தன் பனிக்கோடரியை அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

கீழூர்களிலிருந்து பெண்கள் தொப்பிகளோடு வரத் தொடங்கினார்கள். அவர்களைக் கயிற்றில் கட்டி மேலே கூட்டிப்போகிறவள் இப்போது பிரிமித்தீவாதான், பாவாடையோடுதான். காற்று அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

நான் கடைசி வரை தள்ளிப்போட்டேன். கால்வலி என்றேன், அடுப்பை யார் பார்ப்பது என்றேன். ஒருநாள் அவள் கயிற்றை என் இடுப்பில் கட்டி, "அவன் இன்னும் எத்தனை நாள் செருமணும்?" என்று மட்டும் கேட்டாள்.

போனேன். பிளவின் ஓரத்தில் மண்டியிட்டு அவன் கம்பளித் தொப்பியை நீட்டிக் கூப்பிட்டேன். கயிறு கனத்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்து, அவனுக்குப் பிடித்த மாதிரி உப்பு தூக்கலாகப் போட்ட சூப்பைத் தொப்பியின் முன் வைத்தேன். நான் வாய்திறந்து பேசிய முதல் பேச்சு அவனிடம்தான். மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்பது வருடம் அவனை அங்கே கிடக்க விட்டிருந்தோம். அடுப்படியிலிருந்து நாலு மணி நேர நடை.