அவள் கேட்க நினைத்த 'வேண்டாம்'

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அதுவும் மகள் விஷயத்தில்... கேட்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட நான் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். பயப்படாத அப்பாவாக நடந்துகொண்டேன்.

அதைப் பற்றித்தான் இந்த வாரம். மனசு இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே இருக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழினி எங்களுக்கு ஒரே மகள். காலேஜில் இரண்டாம் வருடம். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி, இங்கே புனேயில் வானவடியில் நாங்கள் வீடு பிடித்தபோது அவள் கைக்குழந்தை. பெயரில் 'ழ' வைத்தபோது இப்படி ஒரு ஊருக்கு வந்து சேர்வோம் என்று தெரியாது. நண்பர்களுக்கு அவள் 'யாலினி'.

போன மாதம் அவள் காலேஜில் ஏதோ விழா. நல்ல மழை. ஹடப்சர் ஆபீசிலிருந்து நேராகப் போய், காலேஜ் கேட்டில் ரெயின்கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஏற்கனவே ஒரு ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வெளியே வந்தாள். பின்னால் வந்த நண்பர்கள் கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

என் மனைவி சுமதிதான் தீர்ப்பு சொன்னாள்.

"அவ என்ன எல்கேஜிங்களா? கொஞ்ச நாளைக்கு வாயக் கட்டிட்டு இருங்க. எதைக் கேட்டாலும் 'உன் இஷ்டம்'னு சொல்லிப் பழகுங்க. ஒண்ணும் ஆயிறாது."

பழகினேன். சிகரெட்டை விடுகிறவர்கள் படுகிற பாடு எனக்குப் புரிந்தது. லேட்டாக வருவேன் என்றாளா? உன் இஷ்டம் கண்ணு. முடியைக் கலர் பண்ணட்டுமா? உன் இஷ்டம் கண்ணு. சுமதி தூரத்தில் நின்று தலையாட்டிப் பாராட்டுவாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மழைக்காலத்து ஞாயிறுகளில் பாதிப் புனே வீட்டில் இருக்காது. இளவட்டங்கள் எல்லாம் பைக்கையும் ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விடும். வழியெல்லாம் சுட்ட சோளம், வெங்காய பஜ்ஜி, டீ. எங்கேயாவது ஓர் அருவி. அதன் கீழே போட்டோ. யாழினியும் எந்த அருவி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கூட அவள் தோழி ரிது, வகுப்புத் தோழன் ஓம்கார், அவனுடைய நண்பன் ஒருவன். நான் ஹெல்மெட்டைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. பாருங்களேன்!

மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரம் போன் வந்தது.

"அப்பா... இங்க தண்ணி ரொம்ப வருதுப்பா. நடுவுல பெரிய பாறை இருக்கு. எல்லாரும் இறங்கி அங்க போறாங்க. நானும் இறங்கட்டுங்களா?"

என்ன சொல்லியிருப்பேன்? உங்களுக்கே தெரியும். "உன் இஷ்டம் கண்ணு. ஜாலியா இரு!"

சொல்லிக்கொண்டே சுமதியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள்.

அந்தப் பக்கம் ஒரு சின்ன அமைதி. பிறகு "சரிங்ப்பா" என்றாள். யாரோ ஹோ என்று கத்துவது கேட்டது. லைன் கட்.

சாம்பாரை ஊற்றிப் பிசைந்தேன். சாப்பிட முடியவில்லை.

என் வழக்கமான பயம் எனக்கு நன்றாகத் தெரியும். கலர்ப் படமாக வரும். லாரி வரும், ரத்தம் வரும், ஆஸ்பத்திரி வராந்தா வரும், பின்னணி இசைகூட உண்டு. அரை மணி நேரம் ஓடிவிட்டு அதுவாக அடங்கும். இது அப்படி இல்லை. படம் எதுவும் இல்லை. சத்தமும் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அவள் ஏன் தமிழில் பேசினாள்?

நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் யாழினி என்னிடம் தமிழில் பேசவே மாட்டாள். 'யெஸ் பா', 'ஓகே பா', 'பை பா'. அவ்வளவுதான். சுமதியிடம் சொன்னேன்.

"தமிழ்ல பேசுனாளா? நல்லதுதானுங்க. அதுக்கும் ஒரு கவலையா? சோத்த திங்கற வழியப் பாருங்க."

"அதில்ல சுமதி. இறங்கட்டுங்களான்னு கேட்டா."

ரசக் கரண்டியோடு நின்றுவிட்டாள் அவள். "கேட்டாளா? உங்ககிட்டயா?"

முடியைக் கலர் செய்தபோதுகூடச் செய்துவிட்டு வந்துதான் 'கேட்டவள்' அவள். தண்ணீரில் கால் வைக்க எதற்கு அப்பாவின் அனுமதி?

போன் போட்டோம். கிடைக்கவில்லை. ரிதுவின் நம்பருக்குப் போட்டோம். அதுவும் இல்லை. மலைப்பக்கம் மழை பிடித்தால் டவர் போய்விடும், தெரிந்த விஷயம்தான். ஆனாலும் சுமதி கையைக் கழுவிவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். எனக்குத் தைரியம் சொல்கிற ஆளே கிளம்பிவிட்டாள். அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

ஊரைத் தாண்டுவதற்குள் டிராபிக்கில் மாட்டிக்கொண்டோம். எதிர்ப்பக்கம் நனைந்த பிள்ளைகள் பைக்குகளில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒன்றுகூட யாழினியின் முகம் இல்லை.

மலையேறுகிற பாதையில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. டீக்கடை நடத்துகிற அம்மாவாம். "பாய்சாப், ஆப்கி பேட்டி ஹை. லோ, பாத் கரோ" என்று, அதாவது உங்கள் பெண்தான், பேசுங்கள் என்று, போனைக் கை மாற்றினார்.

"அப்பா, நான் இறங்கலப்பா."

முதல் வார்த்தையே அதுதான். அப்புறம் அழுகை.

ஓம்காரும் அவன் நண்பனும் அந்தப் பாறைக்குப் போன கொஞ்ச நேரத்தில் மேலே எங்கேயோ பெய்த மழை இறங்கிவிட்டது. தண்ணீர் செம்மண் நிறத்தில் திரண்டு வந்ததாம். பாறை பாதிக்கு மேல் மூழ்கிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கயிறு போட்டு இழுத்ததில் ஓம்காருக்குக் கை முறிந்தது. நண்பனுக்குச் சிராய்ப்புகள். இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிர் இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது யாழினியும் ரிதுவும் டீக்கடை பெஞ்சில் ஒரே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது, ரிதுவை அவள் வீட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் யாழினி பேசினாள். காரின் பின் சீட்டிலிருந்து.

"போன ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்ப்பா."

"எதுக்கு?"

"நீங்க கத்துவீங்கன்னு. அவங்க எல்லாரும் கேக்கணும்னு."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு அந்தத் தண்ணியப் பாத்ததுமே பிடிக்கல. ஏன்னு தெரியல. ஆனா பயமா இருக்குன்னு சொன்னா சிரிப்பாங்க. அப்பா வேண்டாங்கறாருன்னா விட்டுருவாங்க. எப்பவும் அப்படித்தான் சொல்லுவேன். பப்பா நஹீ மான்தே, அப்பா ஒத்துக்க மாட்டாருன்னு. அவங்களுக்குத்தான் உங்களத் தெரியுமே... ரெயின்கோட் அங்கிள்."

"அப்ப தமிழ்ல எதுக்குடி பேசுன?" என்றாள் சுமதி.

"இங்கிலீஷ்ல பேசுனா அப்பா டீசண்டா ஆயிடுவாரும்மா. தமிழ்லதான் ஒழுங்கா கத்துவாரு. மீனிங் புரியாட்டியும் பரவால்ல. அந்த சவுண்ட் போதும்னு நெனச்சேன்."

ஆனால் வந்தது என்ன? உன் இஷ்டம் கண்ணு, ஜாலியா இரு. அத்தனை தமிழிலும் 'ஜாலி' மட்டும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதற்குத்தான் அந்த ஹோ.

"அப்புறம் என்ன பண்ண?"

"ஒரு கால் வச்சேன். தண்ணி இழுத்துச்சு. வெளிய வந்துட்டேன். முஜே நஹீ ஜானா, நான் வரலன்னு சொன்னேன். ஓம்கார் 'பப்பா கீ பரீ'ன்னு கத்துனான். அப்பா செல்லம், தேவதைக்குட்டின்னு கிண்டல். சொல்லட்டும்னு உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு ரிதுவும் வந்து பக்கத்துல உக்காந்தா. அவளுக்கும் பிடிக்கலையாம்ப்பா. யாராவது மொதல்ல சொல்லட்டும்னு இருந்தாளாம்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஓட்ட முடியவில்லை.

இந்த வாரம் முழுவதும் அந்தப் பின் சீட்டுப் பேச்சுதான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இரண்டு தரப்பு. சுமதி சொல்கிறாள், "நான்தானுங்க கெடுத்தேன். நீங்க பாட்டுக்கு வழக்கம்போலக் கத்தியிருப்பீங்க." என் ஆபீஸ் நண்பர் ஒருவர் நேர்மாறு. "நீங்க வேண்டாம்னு சொல்லாததாலதான் சார் அவளே சொன்னா" என்கிறார். எது சரி?

தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் போனில் ஒரு சின்ன அமைதி வந்ததே... அதிலேயே எனக்கு உறைத்துவிட்டது. சாம்பாரைப் பிசைந்த பிறகு இல்லை. அப்போதே. ஏதோ சரியில்லை என்று உள்ளே ஒன்று சொன்னது, நான் கேட்டேன். கேட்டும் ஏன் சும்மா இருந்தேன்? அந்த நேரத்தில் நான் மகளிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. மாறிவிட்ட அப்பாவாக மனைவிக்கு முன்னால் நடித்துக்கொண்டிருந்தேன். கை எங்கே இருந்தது? கட்டை விரலை உயர்த்திக்கொண்டிருந்தது.

'என்ன கண்ணு, உனக்கு இறங்கப் பிடிச்சிருக்கா?' என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டதே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒன்று, வேண்டாம். இல்லையென்றால், உன் இஷ்டம். இரண்டிலும் அவளுடைய மனசில் என்ன இருக்கிறது என்று நான் விசாரித்ததில்லை.

அவளும்தான் என்ன செய்வாள்? ராட்டினமா, ஸ்கூல் டூரா, பக்கத்து வீட்டு நாயா... அவளுக்குப் பயம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்துவிடும். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் 'வேண்டாம்' என்றிருப்பேன். எங்கள் ஆபீஸ் பாஷையில் இதற்கு அவுட்சோர்சிங் என்று பெயர். தன்னுடைய 'வேண்டாம்' அத்தனையையும் அவள் என்னிடம் கொடுத்துவைத்திருந்தாள். அன்று வந்து கேட்டபோது ஆபீசுக்கு லீவு விட்டுவிட்டேன்.

நல்லவேளை... உள்ளே கொஞ்சம் ஸ்டாக் வைத்திருந்தாள்.

நம் எல்லோருக்குள்ளும் இப்படி ஒன்று பேசத்தான் செய்கிறது. கையெழுத்துப் போடப்போகும்போது, சரி என்று தலையாட்டும்போது, பிடிக்காத சிரிப்பைச் சிரிக்கும்போது. அது பயத்தைப் போல விளக்கம் கொடுப்பதில்லை. வாதாடுவதும் இல்லை. ஒரு முறை சொல்லும், நாம் கேட்காவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் எல்லாம் முடிந்த பின்னால், 'எனக்கு அப்பவே தோணுச்சு' என்கிறோம். தோன்றியதை அப்போதே ஏன் சொல்லவில்லை? யாராவது முதலில் சொல்லட்டும் என்று ரிதுவைப் போலக் காத்திருந்தோம். அவ்வளவுதான்.

சரி, ஒரு விஷயத்தை இதுவரை சொல்லாமல் மறைத்துவிட்டேன். சுமதியிடமே புதன்கிழமைதான் சொன்னேன்.

அன்று டிராபிக்கில் மாட்டிக்கொண்டு நின்றபோது பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை முழுசாக வீட்டுக்கு வந்தால் அவளுக்கு மொட்டை போடுகிறேன் என்று.

இரவுச் சாப்பாட்டில் மெதுவாக விஷயத்தை எடுத்தேன். யாழினி சப்பாத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்கா? வேண்டாங்ப்பா."

காரணம் வரும் என்று காத்திருந்தேன். காலேஜ், ப்ரெண்ட்ஸ், போட்டோ... ஏதாவது. ஒன்றும் வரவில்லை. மறுபடி சப்பாத்தியை எடுத்துக்கொண்டாள்.

"சாமி விஷயம் கண்ணு..."

"பயந்தது நீங்க. வேண்டிக்கிட்டது நீங்க. தலை மட்டும் என்னோடதா?"

சுமதிக்குப் புரையேறிவிட்டது. சிரித்ததில்.

"சரி விடு, நான் போட்டுக்கறேன்" என்றேன், கொஞ்சம் ரோஷமாக.

யாழினி எழுந்து வந்து என் தலையைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுல முருகனுக்கு என்னங்ப்பா மிச்சம் இருக்கு?"

அவள் சொந்தமாகச் சொன்ன முதல் 'வேண்டாம்' அருவிக்கரையில். இரண்டாவது, என் முகத்துக்கு நேரே. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இனிமேல் எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றாலும் அவள் ஸ்பீக்கரைப் போட மாட்டாள் என்று தோன்றுகிறது.

கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அங்கிருந்து பழனி பக்கம்தான். இருக்கிறதைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.