சன்னலைப் பார்க்கும் பாண்காரர்

நமுனுகுல மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் காலையில் ஆட்டோவில் பாண் ரொட்டி கொண்டுவருபவர் ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். வாசலில் நிறுத்தியதுமே எஞ்சினை அணைத்துவிடுவார். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்பதால், பிள்ளை பெற்ற என் மனைவியின் காம்பராவில் கரி நெருப்பு வைத்து, சன்னலைச் சாக்கால் அடைத்திருந்தோம். ஒருநாள் காலை, கூப்பிட்டும் அவள் எழவில்லை. வாயில் ஊற்றத் தேத்தண்ணியோடு ஓடினேன். சத்தம் கேட்டு வந்த பாண்காரர் என்னை வாசலிலேயே மறித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சாக்கைப் பிடுங்கினார். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, அவளையும் தூக்கிவந்து வெளியே ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். “பச்சை ஒடம்புக்காரியப் பனியில போட்டுட்டீங்களே.”

“பனி பட்டா காய்ச்சல்தாங்க வரும். அந்தக் கரிக்காத்து மூச்சையே நிப்பாட்டிரும். வாயில ஒண்ணும் ஊத்தாம ஆம்புலன்சுக்கு போன் அடிங்க.”

இருவரும் பிழைத்தார்கள். பெட்ரோலுக்காக அல்ல, புகைக்காகத்தான் அவர் எஞ்சினை அணைக்கிறார் என்று இப்போது தெரிகிறது.

இப்போதும் பாணைக் கொடுக்கும்போது அவர் கண் என் தோளைத் தாண்டிச் சன்னலுக்குப் போகும். அது திறந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் ஆட்டோவைக் கிளப்புவார். அவர் வீட்டில் எந்தச் சன்னல் மூடியிருந்ததோ, கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.