மாம்பழ அம்மையைக் காவிய நாள்

விடிய முன்னமே மச்சாள் என் கதவைத் தட்டிவிட்டாள். மச்சாள் என்றால் என் அண்ணனின் மனைவி; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, தோளில் மடித்துப் போட்ட துவாயோடு நிற்கிறாள்.

“என்ன, இன்னும் படுக்கையோ? கெதியா வெளிக்கிடுங்கோ மச்சாள், முன்தடி போயிடும்!”

சாமியைத் தோளில் சுமந்து காவும் தடியின் முன்பக்கம்தான் முன்தடி. கொடிகாமத்துக்கு உள்ளே, மாமரங்களுக்கு நடுவே அந்தச் சின்னக் கோயில் இருக்கிறது. இறைவனை வேண்டித் தன் அழகையெல்லாம் உதறிவிட்டுப் பேயுருவம் வாங்கிய அம்மையார்தான் அங்கே தெய்வம். ஊரார் மாம்பழ அம்மை என்பார்கள். ஆனி மாதத்து மாம்பழத் திருவிழாவில் அவரைப் பெண்கள்தான் காவ வேண்டும். ஆண்களுக்குக் குடை பிடிக்கிற வேலை மட்டும்.

மிளகாய் அரைக்க வந்த யாரோ இதைச் சொன்ன நாளிலிருந்து மச்சாளுக்கு வேறு கதையே இல்லை. நெல்லியடியில் மில் நடத்துகிறவள் அவள். அரிசி மூட்டையைத் தனி ஆளாய்த் தூக்கி வைப்பாள். “என்ரை தோளிலை இவ்வளவு நாளும் மூட்டைதானே ஏறினது. ஒருக்கா அம்மை ஏறட்டுமே” என்பாள்.

அண்ணன் வெளிநாடு போனான். கூப்பிடுவான் கூப்பிடுவான் என்று இவள் காத்திருந்தாள். அவன் அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். நாசமாய்ப் போனவன், என் கூடப்பிறந்தவன் என்று சொல்லவே எனக்கு வாய் கூசும். செய்தி வந்த அன்று மச்சாள் தாலிக்கொடியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தாள். மறுநாள் வழமைபோல மில்லைத் திறந்தாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் காணவில்லை. இந்த முன்தடிக்குத்தான் ஆசைப்பட்டாள்.

ஸ்கூட்டியை நான் ஓட்டினேன். பின்னால் இருந்துகொண்டு முள்ளி தாண்டும்வரை “வேகம் காணாது, இன்னும் கொஞ்சம் அமத்துங்கோ” என்று என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். மாட்டு வண்டி ஓட்டுகிறேன் என்று நினைத்தாளோ தெரியாது!

கோயில் வாசலில் இறங்கியதுமே கறுத்தக்கொழும்பான் மாம்பழ மணம் ஆளைத் தூக்கியது. கடகம் கடகமாய்ப் பழம். மேளம் ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம். மைக்கில் ஒருவர் அம்மையின் கதையை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். கணவன் அனுப்பிய மாம்பழத்தை அம்மை அடியாருக்குப் படைத்தது, கணவன் கேட்டதும் இல்லாத பழத்தை இறைவன் அம்மையின் கையில் தந்தது, அதைக் கண்டு பயந்த கணவன் கப்பலேறிப் போய் வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டது, எல்லாம் சொன்னார். எனக்கு மச்சாளின் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. அவளோ இமை வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மையை வெளியே கொண்டுவந்தார்கள். அம்மாடி! எலும்பும் தோலுமாய் இருந்துகொண்டு என்ன சிரிப்பு அது! ஒரு பொட்டு நகைகூட இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மச்சாள் சனத்தை இடித்துக்கொண்டு ஓடிப்போய் முன்தடியைப் பிடித்துவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன்.

அப்போதுதான் அதே மைக், அதே வாய், சொன்னது: “சுமங்கலிப் பெண்கள் மட்டும் தடிக்கு வாங்கோ! சுமங்கலிப் பெண்கள் மட்டும்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரமும் என்ன கதை சொன்னாய் மனுசா என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் தடிக்குப் பொறுப்பாக நின்ற ஓர் அம்மா மச்சாளின் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டார்.

“குறை நினையாதை பிள்ளை,” என்றார் மெதுவாக. “அவர் இருக்கிறாரோ?”

மச்சாள் தடியை விடவில்லை.

“இருக்கிறார் அன்ரி. எங்கடை அம்மையின்ரை மனுசன் இருந்த மாதிரித்தான் அவரும் இருக்கிறார்.”

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி “அதுதானே!” என்றாள். இன்னொருத்தி “அம்மை மட்டும் சுமங்கலியோ?” என்று மைக்கில் நின்றவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமினார், கடதாசியைப் புரட்டினார், கடைசியில் “பெண்கள் எல்லாரும் வாங்கோ” என்று முணுமுணுத்தார். அட, எனக்கு வந்த சந்தோசம்! விசிலடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன்.

மச்சாள் துவாயைத் தோளில் வைத்துக் குனிந்தாள். நான் அவளுக்குப் பின்னால் தோளைக் கொடுத்தேன். ஆனால் அந்த அன்ரி நகரவில்லை. தடியில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“பிள்ளை,” என்றார். “வருசா வருசம் இந்தத் தடியைத் துடைச்சு வைக்கிறது நான்தான். தோளிலை வைச்சதில்லை. என்ரை மனுசன் செத்துக் கனகாலம்.”

மச்சாள் சட்டென்று ஒதுங்கி முன்தடியில் தன் இடத்தை விட்டாள்.

“அப்ப என்னத்துக்கு அன்ரி நிக்கிறியள்? கெதியாத் தோளைக் குடுங்கோ, அம்மை எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருக்கிறது!”