பழுதே எழுதாத இண்டக்‌ஷன் விளக்குகள்

காளிதாஸ் சரியான சந்தேகப் பிராணி. பத்து முட்டை வாங்கினால் பத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பாசிர் கூடாங் நகரில் தெருவிளக்குப் பராமரிக்கும் குத்தகைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை. தான் குடியிருக்கும் தாமானின் நாற்பது விளக்குகளும் அவர் பொறுப்புதான். அவற்றில் ஒன்றின் கீழேதான் அவர் மனைவி சந்திரமதி விடியுமுன் ஃபேக்டரி பஸ்ஸுக்காகத் தனியாக நிற்பாள். அது அணையக்கூடாது என்பதே அவர் கவலை.

எல்லாம் இண்டக்‌ஷன் விளக்குகள். உள்ளே இழை கிடையாது, பல்பு இருபது வருஷம் தாங்கும் என்று சொல்லிப் போட்டார்கள். எதையும் நம்பாத மனுஷன் அதை மட்டும் நம்பித் தொலைத்தார்!

சூப்பர்வைசர் நாசர் எல்.இ.டி.க்கு மாற்றலாம் என்று வாயெடுத்ததும் காளிதாஸுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"பல்பு நல்லாத்தாண்ணே இருக்கு. அத எரிய வைக்கிற பெட்டிதான் போயிருது. அந்தப் பெட்டி இப்ப கெடைக்கிறதே இல்ல லா," என்றார் நாசர்.

"யாரு சொன்னா? எல்.இ.டி. விக்கிறவனா?"

நாசருக்கு அதில் ஏதோ கமிஷன் கிடைக்கிறது என்று காளிதாஸ் முடிவே கட்டிவிட்டார். வீட்டிலும் தினம் அதே புராணம்தான். மற்ற இடங்களில் கழற்றிப் போட்ட விளக்குகளிலிருந்து பெட்டிகளைப் பிடுங்கிச் சேர்த்தார். தன் தாமானில் எது அணைந்தாலும் அன்றே மாற்றினார். ஆனால் பழுதுப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதினால் நாசருக்குக் கொண்டாட்டமாகிவிடுமே! மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

சேர்த்த பெட்டிகள் போன மாதம் தீர்ந்தன. அடுத்த வாரமே பஸ் நிறுத்தத்து விளக்கு போனது. மூன்றாம் நாள் இருட்டில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் சந்திரமதியின் கைப்பையைப் பறித்து, அவளைத் தரதரவென்று இழுத்துவிட்டுப் போனான். முழங்கையில் ஆறு தையல்.

காளிதாஸ் ஆவேசமாக நாசரிடம் போனார். "ஊருக்கெல்லாம் எல்.இ.டி. போட்டீங்க. எங்க தாமான மட்டும் ஏன் விட்டீங்க?"

நாசர் கோப்பைத் திறந்து காட்டினார். "மேலிடத்துக்கு மூணு தடவ எழுதிக் கேட்டேண்ணே. பழுது அதிகமா உள்ள எடத்துக்குத்தான் முதல்ல குடுப்பாங்க. உங்க புத்தகத்துல ஒரு பழுதுகூட இல்லையே. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வரும்னுட்டாங்க."

காளிதாஸ் கோப்பை மூடிவைத்தார். நேரே வீட்டுக்கு வந்தார்.

சந்திரமதி கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். "நீங்க சொன்னது சரிதாங்க. எல்லாம் அந்த நாசர் செஞ்ச வேல, இல்ல?"

"அவர் இல்ல சந்திரா," என்றார் காளிதாஸ். "நான்."