மஞ்சள் ஒட்டிய தொலைபேசி

கிள்ளான் பாசாரில் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் மருத்துவமனையின் பழைய தாதி ஒருவர் என் தோளைத் தொட்டார். "டாக்டர், நம்ம தனலெட்சுமி சிஸ்டர் போயிட்டாங்க. காலையில, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுலதான்." மீனை வாங்கினேனா என்றுகூட நினைவில்லை.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் அவரோடு வேலை பார்த்த நண்பர்களே, உங்களுக்கு அவருடைய தொற்றுத் தடுப்பு ஒத்திகைகள் மறந்திருக்காது. மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து ஓர் ஊழியரின் உள்ளங்கையில் பூசி, அவரைக் காய்ச்சல் நோயாளியாகப் படுக்க வைப்பார். நாம் பார்த்து முடித்ததும் மஞ்சள் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேடுவார். கதவுப் பிடி, தொலைபேசி, ஒருமுறை என் தேநீர்க் கோப்பை. "டாக்டர், நீங்க அவுட் லா. இதே கையோட வீட்டுக்குப் போயி புள்ளைய வேற தூக்குவீங்க!" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளைக் கோட்டிலிருந்து அந்தக் கறை போகவே இல்லை.

பழைய மெத்தைகள் அடைந்து கிடந்த ஓர் அறையைப் போராடிக் காலி செய்ய வைத்து, தொற்று நோயாளிகளுக்கெனத் தனி வாசலோடு தயாராக வைத்திருந்தவரும் அவர்தான். சும்மா கிடக்கிற அறை எதற்கு என்று சிலர் சிரித்தார்கள். "வியாதி என்ன, போன் பண்ணிட்டா வரும்?" என்று திருப்பிக் கேட்டார். இப்போது அந்தக் குரலைக் கேட்க மனம் ஏங்குகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களைச் சாய்த்த அந்தப் புதுக் காய்ச்சல் வந்தது. லோரி ஓட்டுநர் ஒருவரை நினைவு தடுமாறிய நிலையில் கொண்டுவந்தார்கள். காய்ச்சலோடு வரும் எல்லோரிடமும் கேட்பதுபோல, அவர் மனைவியிடமும் சிஸ்டர் கேட்டார்: "அண்ணனுக்கு எங்கக்கா வேலை?" பன்றிப் பண்ணைகளுக்குப் போய்வருகிறவர் என்று தெரிந்ததும் நேராக அந்த அறைக்கே கொண்டுபோனோம். என்ன நோய், எப்படிப் பரவும், ஒன்றும் தெரியாது. நான் கையுறையை எடுத்தேன். சிஸ்டர் வழியை மறித்தார். "பால் குடிக்கிற புள்ள வச்சிருக்கீங்க. உள்ள ஏற்கெனவே ஒரு டாக்டர் இருக்காரு, அது போதும். அவரும் நானும் பாத்துக்கிறோம். நீங்க வெளிய இருங்க."

அதன்பிறகு அவர் வீட்டுக்கே போகவில்லை. தாதியர் விடுதியில் தனியாகத் தங்கினார். கணவர் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓட்டுநரைக் காப்பாற்ற முடியவில்லை. எங்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

இனி பயமில்லை என்று மருத்துவமனை அறிவித்த அன்று சிஸ்டரைக் கட்டிக்கொள்ள ஓடினேன். "கை கழுவியாச்சா டாக்டர்?" என்றார், சிரித்துக்கொண்டே. கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து, அவர் அதில் வந்த நோயாளியின் பின்னால் போய்விட்டார். அப்புறம் எவ்வளவோ காலம் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தோம். திடீரென்று போய்க் கட்டிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் அவர் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டருக்கு உரியதாக என்னிடம் மிஞ்சியிருப்பது, கொடுக்காமல் போன அந்த அணைப்பு ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் என் மகனை இறுகக் கட்டிக்கொண்டேன். என்னைவிட உயரமாகிவிட்டான். "என்னம்மா ஆச்சு? விடுங்கம்மா!" என்று நெளிந்தான். நான் விடவில்லை.