ஒரு படம் குறைந்த புத்தகம்

மருத்துவமனையின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது எக்ஸ்ரே அறை. அங்கே படம் எடுக்கும் அக்கா ஒரு நாளில் அதிகம் சொல்லும் வார்த்தை "அசையாதீங்க". மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, இப்போ விடுங்க. வீட்டில் யாராவது இருமினால்கூடத் தூக்கத்திலேயே "மூச்சைப் பிடிங்க" என்பார் என்று அவர் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் அசைகிற பிள்ளைகளோடு பழகியவர். இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்திப் போயிற்று என்று கேட்டால், "அவ நிக்கச் சொல்ற இடத்துல நான் நிப்பேன், அவ்வளவுதான்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைபாதையில் பழைய புத்தகம் விரிப்பவர்கள்தான் அவருக்கு 'எக்ஸ்ரே அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அவர் வாங்குவது ஒரே வகை. புகைப்படம் ஒட்டிய பழைய புத்தகங்கள். படத்தை மையில் அச்சிடும் வழி வருவதற்கு முன்னால், ஒரு புத்தகத்தில் புகைப்படம் வேண்டுமென்றால், ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகத் தாளை வெயிலில் வைத்துப் படம் எடுத்து, கழுவிக் காயவைத்து, பசை தடவிக் கையால் ஒட்டினார்கள். நூறு பிரதி என்றால் நூறு முறை. ஒன்றில் படம் சற்றுக் கறுத்திருக்கும், ஒன்றில் கோணியிருக்கும், ஒன்றில் ஒட்டியவரின் அவசரம் மூலையில் தெரியும். அதனால் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அக்காவை நல்ல சேகரிப்பாளர் என்று சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. தேடுவதில் அவருக்கு இருந்த பொறுமை, தேடிக் கிடைத்ததோடு உட்கார்ந்திருப்பதில் இல்லை. வெளிச்சம் பட்டால் படம் வெளுக்கும், விரல் பட்டால் கறை ஏறும், விரித்தால் முதுகு பிளக்கும். ஆகவே வாங்கிய புத்தகம் வெள்ளைத் துணிக்குள் போய், இரும்பு அலமாரிக்குள் போய்விடும். பிறகு அதைப் பற்றி அவர் பேசுவார், ஆனால் பார்க்கமாட்டார். "குடும்பப் படம் ஒண்ணு மாட்ட வீட்டுல சுவர் இல்ல, முன்னபின்ன தெரியாதவங்க படமெல்லாம் துணி போத்திட்டுத் தூங்குது" என்று கணவர் குறைப்பட்டுக்கொண்டதில் நியாயம் உண்டு.

அவற்றில் ஒரு புத்தகம்தான் அக்காவின் உயிர். ஒரு பெரிய ஆற்றின் குறுக்கே பாலம் கட்டிய கதை அது. அடித்தளம் தோண்டியதிலிருந்து திறப்பு நாள்வரை படங்கள். அதில் பள்ளத்துப் படம் என்று அவர் சொல்லும் ஒன்று உண்டு. ஆழமான குழிக்குள் ஆட்கள் வரிசையாகச் சிலைபோல் நிற்கிறார்கள். அந்தக் காலக் கேமராவுக்கு அப்படித்தான் நிற்க வேண்டும். வரிசையின் ஓரத்தில், தலையில் கூடை வைத்த ஒரு பெண் மட்டும் அசைந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு முகம். ஒன்று கேமராவைப் பார்க்கிறது, இன்னொன்று கரைமேல் எதையோ பார்க்கிறது. "என்கிட்ட வந்திருந்தா திரும்ப நிக்க வெச்சிருப்பேன்" என்பார் அக்கா. "நல்லவேளை, என்கிட்ட வரல."

ஆனால் அக்காவின் பிரதியில் கடைசிப் படம் இல்லை. பாலம் கட்டி முடிந்து திறந்த நாளின் படத்தை எவரோ எப்போதோ கிழித்துவிட்டிருந்தார்கள்.

இதை நடைபாதையில் நின்று ஒரு கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், பின்னாலிருந்து ஒருவர், "என்கிட்ட அது இருக்கு. பள்ளந்தான் இல்ல" என்றார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். எல்லோரும் சர்வேயர் என்பார்கள். அவரிடமும் அதே புத்தகம். அக்காவிடம் இல்லாத ஒரே படம் அவரிடம் இருந்தது. அவரிடம் இல்லாத ஒரே படம் அக்காவிடம் இருந்தது.

அன்றைக்கே இரண்டு புத்தகங்களும் அக்கா வீட்டு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. கணவர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன, பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?" என்றார். அப்போது தொடங்கியதுதான் 'சம்பந்தி' என்ற அழைப்பு. சர்வேயருடையது மாப்பிள்ளை, அக்காவுடையது பெண்.

"கல்யாணத்தை எப்போ வெச்சுக்கலாம் சம்பந்தி?" என்று சர்வேயர் கேட்பார்.

"பொண்ணை அனுப்பமாட்டேன். மாப்பிள்ளை வேணா வீட்டோட வரட்டும்."

"மாப்பிள்ளைக்கு மானம் இருக்குங்க."

வேடிக்கைக்கு அடியில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒன்றிலிருந்து படத்தை உரித்து மற்றதில் ஒட்டினால் ஒரு முழுப் புத்தகம் கிடைக்கும், ஒரு புத்தகம் செத்துப்போகும். அதை ஒருபோதும் செய்வதில்லை. மூன்றாவது பிரதி ஒன்று எங்காவது கிடைக்கும்வரை இரண்டும் இப்படியே இருக்கட்டும். இதை முதலில் சொன்னவர் சர்வேயர்தான். அக்கா அவரை நம்பத் தொடங்கியது அந்த வாக்கியத்திலிருந்து.

சர்வேயருக்குக் கை நேர்த்தி உண்டு. பழைய புத்தகங்களின் முதுகை ஒட்டித் தைப்பார். அக்காவின் புத்தகத்தின் முதுகு தளர்ந்து, பக்கங்கள் ஒருபுறம் சரியத் தொடங்கியபோது அவர்தான் பதறினார். "இப்படியே விட்டா பொண்ணு இடுப்பு உடைஞ்சிடும். குடுங்க, நான் பாத்துத் தர்றேன்." அக்கா அந்தப் புத்தகத்தை வேறு எவர் கையிலும் கொடுத்ததில்லை. கணவர் தொடுவதானால்கூடக் கையைக் கழுவிக் காட்ட வேண்டும். சர்வேயருக்கு அவரே துணியில் சுற்றி, பைக்குள் வைத்து, வாசல்வரை வந்து கொடுத்தார்.

புத்தகம் திரும்பி வந்தது. முதுகு அழகாக இருந்தது. அக்கா மேலோட்டமாகப் புரட்டினார். படங்கள் இருந்தன, கூடைக்காரி இருந்தாள். மறுபடி துணி, மறுபடி அலமாரி.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியேதான் போயின. சர்வேயர் ஓய்வு பெற்றார். அவருடைய வீட்டை இடித்துக் கட்டினார்கள். புத்தகங்களை வைக்க இடமில்லை என்று ஒருநாள் சொன்னார். பாலத்துப் புத்தகத்தை நகர நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டதாகச் சொன்னபோது அக்காவுக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும், "மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைச்சிடுச்சு" என்று சிரித்தார். சர்வேயர் சிரித்த மாதிரி அக்காவுக்கு ஞாபகம். சரியாகக் கவனிக்கவில்லை என்றும் பிறகு சொன்னார்.

நூலகத்தில் அரிய புத்தகங்களைப் பார்வைக்கு வைத்தார்கள். அக்காவும் கணவரும் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சர்வேயரின் புத்தகம் திறந்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் அட்டையில் அவர் பெயர், கீழே 'முழுமையான பிரதி' என்ற வரி. திறந்திருந்தது பள்ளத்துப் படம்.

முதலில் அக்காவுக்கு வந்தது மகிழ்ச்சி. இதை அவர் என்னிடம் அழுத்திச் சொன்னார். மனுஷன் எங்கேயோ தேடி மூன்றாவது பிரதியைப் பிடித்துவிட்டார், தனக்குச் சொல்லாமல் வைத்திருந்து ஆச்சரியப்படுத்தப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தாராம். குனிந்தார். படத்தின் கீழ் மூலையில், ஒட்டியபோது விழுந்த சின்ன மடிப்பு. கூடைக்காரியின் காலடியிலிருந்து ஓரம்வரை, முடி அளவு. அந்த மடிப்பை அக்காவுக்குத் தெரியும்.

"என்ன, மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கிற?" என்றார் கணவர்.

"வீட்டுக்குப் போகலாம்."

வீட்டில் விளக்கைப் போட்டு, புத்தகத்தைத் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கூடைக்காரி சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்தாள். பழைய படத்தில் புள்ளி இருக்காது. இது கணினியில் எடுத்த நகல். பழுப்பு நிறத்துக்காகத் தேநீரில் நனைத்து, காயவைத்து, அளவாக வெட்டி, நேராக ஒட்டப்பட்டிருந்தது. மடிப்பு இல்லை. மூலப்படத்தை ஒட்டியவரைவிட நேர்த்தியான கை.

படத்துக்கு எதிரே இருந்த மெல்லிய காப்புத்தாளை மட்டும் சர்வேயர் மாற்றவில்லை. பல காலம் படத்தோடு ஒட்டிக்கிடந்ததில், அதன்மேல் பள்ளத்தின் நிழல் படிந்திருந்தது. மூலையில் மடிப்பின் கோடும் இருந்தது.

அடுத்த ஞாயிறு நடைபாதையில் சர்வேயர் பழைய வரைபடக் கட்டு ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாங்க சம்பந்தி" என்றார்.

"அந்த வார்த்தை வேண்டாம். என் படத்த எடுத்தீங்களா?"

சர்வேயர் மறுக்கவில்லை. கட்டைக் கீழே வைத்து, கையைத் தட்டிக்கொண்டார். "எடுத்தேன்."

"எப்படி மனசு வந்துச்சு?"

"ரெண்டு நொண்டியில ஒண்ணாவது நடக்கட்டுமேன்னுதான். இப்போ எவ்வளவு பேர் பாக்கறாங்க தெரியுமா? உங்க அலமாரியில யார் பாத்தா? திருப்பிக் குடுத்து எத்தன மழைக்காலம் போச்சு. நீங்களே ஒழுங்கா ஒரு தடவ தொறந்து பாத்தீங்களா?"

அக்காவுக்கு அடிபட்ட இடம் அது. ஆனாலும் கேட்டார், "அதச் சொல்லிட்டு எடுத்திருக்கலாமே. எதுக்கு டீயில நனைச்சு ஒண்ண ஒட்டி வெச்சீங்க?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு."

"எனக்காகவா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம்?" என்றார் சர்வேயர், வாதத்தில் ஜெயித்தவர்போல.

பக்கத்தில் நின்ற கடைக்காரர், "அக்கா, சார், ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க, வியாபாரம் கெடுது" என்றார்.

சர்வேயர் சொன்னதை நான் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். பூட்டிய அலமாரியைவிடத் திறந்த நூலகம் நல்லது என்பதை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் அந்த நியாயத்தை அவர் அக்காவின் முன் ஒருமுறைகூட வைத்ததில்லை. நியாயத்தில் நம்பிக்கை இருப்பவர் நகல் செய்து ஒட்டுவதில்லை. அந்தத் தேநீர்க் கறையைத் தாண்டி அவர் பேச்சு ஓரடிகூட எனக்குள் நகரவில்லை.

படத்தை மீட்பதற்காக அக்கா காப்புத்தாளை எடுத்துக்கொண்டு நூலகம் போனார். நூலகர் இளம்பெண். நிதானமாகக் கேட்டார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தாளைப் படத்தின்மேல் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். நிழல் படத்தின்மேல் பொருந்தியது. மடிப்பு மடிப்போடு.

"மேடம், இது உங்களோடதுதான். மேலிடத்துல பேசி வாங்கித் தர முடியும். ஆனா ஒண்ணு." படத்தின் ஓரத்தைச் சாய்த்துக் காட்டினார். "ஏற்கெனவே ஒரு தடவ ஆவி காட்டி உரிச்சிருக்காங்க. தாள் ரொம்ப மெலிஞ்சிடுச்சு. அவர் போட்ட பசை வேற கெட்டியான பசை. இன்னொரு தடவ உரிச்சா, முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாது."

"எந்த இடம் போகும்?"

"ஓரந்தான் முதல்ல போகும்."

ஓரத்தில் நிற்பவள் கூடைக்காரி.

உரித்துக் கிழிந்தாலும் பரவாயில்லை, என் படம் என் கையில் கிழியட்டும் என்று ஒரு கணம் நினைத்ததாக அக்கா சொன்னார். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். பிறகு, "இருக்கட்டும்" என்றார். "அந்த அட்டையில முழுமையான பிரதின்னு போட்டிருக்கீங்களே, அத எடுத்திடுங்க. பள்ளத்துப் படம் வேற ஒரு பிரதியிலேருந்து பிரிச்சு எடுத்ததுன்னு போடுங்க."

"யார் எடுத்ததுன்னு..."

"அது வேண்டாம். மேல அவர் பேர் இருக்குல்ல, படிக்கறவங்க புரிஞ்சுக்குவாங்க."

அட்டை மாறியது. சர்வேயர் அதற்குப் பிறகு நூலகம் போனாரா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக்கு வருவதை நிறுத்தினார்.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. பாலத்துப் புத்தகத்தைப் போலவே முதுகு தைக்கக் கொடுத்து வாங்கிய, சர்வேயர் கைபட்ட புத்தகங்கள் இன்னும் பல. ஒருநாள் விடுப்பு எடுத்து, அக்கா அலமாரியை முழுதாகத் திறந்தார். ஒவ்வொரு புத்தகமாகத் துணியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு படத்தின்மேலும் கண்ணாடியை வைத்தார். மலைகள், கப்பல்கள், கோட்டைகள், பெயர் தெரியாத குடும்பங்கள். இத்தனை வருடமாகப் பார்க்காமல் வைத்திருந்த படங்களை அன்றுதான் ஒன்றுவிடாமல் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதும் சரியில்லை. புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். முகங்கள் கண்ணில் படவில்லை.

கணவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தபோது தரை முழுவதும் புத்தகங்கள். கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றார்.

"எத்தன போச்சு?"

"எதுவும் போகல. எல்லாம் அசல்தான். ஒண்ணுல கிழிஞ்சிருந்த ஓரத்தக்கூட என்கிட்ட சொல்லாம ஒட்டி வெச்சிருக்கார்."

"அப்போ நல்லதுதானே? ஏன் இப்படி உட்கார்ந்திருக்க?"

அக்கா கண்ணாடியைத் தரையில் வைத்தார். "இன்னும் ரெண்டு எடுத்திருந்தா, திருட்டுப் பயன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன். இப்போ என்னன்னு சொல்றது?"

கணவர் புத்தகங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து உள்ளே வந்து, கையைக் கழுவப் போனார்.